அமைதியான இடம் தேவை

முதலில் போன நர்சரியில் வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்று, "வாங்க அப்புச்சி, உக்கோருங்க. பாப்பாவோட அப்பா அம்மா பின்னாடி வர்றாங்களா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவரை அப்புச்சி என்போம். நான் பாப்பாவின் அப்பா. அதைச் சொன்னதும் அவள் முகத்தில் ஓர் அனுதாபம் வந்தது. அவள் நம்பாமல் இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது.

தப்பு அவள் மேல் இல்லை. எனக்குக் கல்யாணம் தாமதம், குழந்தை அதைவிடத் தாமதம். என் வயதுக்காரர்கள் சர்க்கரை மாத்திரை போடத் தொடங்கும் பருவத்தில் நான் டயபர் மாற்றக் கற்றுக்கொண்டேன். மாத்திரையும் கூடவே வந்தது. இரண்டையும் ஒரே கடையில் வாங்குவதால் மருந்துக்கடைக்காரர் வீட்டில் யாருக்கு எது என்று இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

நர்சரி தேட வேண்டி வந்த காரணம் என் மனைவியின் வேலை. அவள் ஒரு சாயப்பட்டறையின் லேபில் நிறம் பொருத்துகிறவள். வெளிநாட்டுக்காரன் விரல் அகலத்துக்கு ஒரு துணித்துண்டை அனுப்பி "இந்த நிறம்" என்பான். அந்த நிறத்தை எந்தச் சாயம் எத்தனை சொட்டு சேர்த்தால் பிடிக்கலாம் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று என் சட்டையைப் பார்த்து, "காலரும் பாடியும் வேற வேற லாட்டுங்க" என்றாள். இரண்டுக்கும் ஒரே தடவையில் சாயம் ஏற்றவில்லை என்று அர்த்தம். அன்றிலிருந்து நான் அந்தக் கண்ணுக்குப் பயந்து வாழ்கிறேன்.

குழந்தைக்கு இரண்டு வயது நெருங்கிவிட்டது. லீவை நீட்டி, நீட்டியதை மறுபடி நீட்டி, கடைசியில் அவளுடைய முதலாளி போன் செய்தார். "தீபாவளி லீவு முடிஞ்சு கம்பெனி தொறக்கற அன்னிக்கு உங்க சீட்டுல நீங்க இருக்கோணுங்க. இல்லீன்னா இப்ப பாத்துக்கற பொண்ணையே போட்டுக்கறனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." எங்கள் ஊரில் வேலையை விட்டு எடுப்பதையும் '-ங்க' போட்டுத்தான் செய்வார்கள். வலி குறையாது, கோபித்துக்கொள்ள மட்டும் முடியாது.

அவள் புலம்பவில்லை. ஆனால் காய் நறுக்கும்போது, "இந்தத் தக்காளியும் அந்தத் தக்காளியும் ஒரே லாட்டுன்னு சொல்லுவானுங்களா எவனாவது?" என்று தனக்குத்தானே கேட்க ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் குழந்தையின் இரண்டு சாக்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்குக் கண்ணு மங்கீட்டு வருதுங்க" என்றாள். கண் மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில்தான் விஷயம் கண்ணைப் பற்றியதல்ல என்று புரிந்தது. எனக்கு எதுவும் புரியும், கொஞ்சம் காலதாமதமாக. குழந்தை பிறந்ததைப் போல.

உதவிக்கு ஆள் இல்லை. என் தாயார் இல்லை. அவளுடைய தாயார் உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பையும் மாடுகளையும் புதிதாகப் பொருத்திய முழங்காலையும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறார். வீட்டோடு ஆள் வைக்கலாமே என்பார்கள் வெளியூர்க்காரர்கள். திருப்பூரில் ஸ்டூலில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டத் தெரிந்த யாரையும் கம்பெனி வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்களிடம் வந்த ஒரு அம்மாள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவர், தெருவில் வேன் ஹாரன் கேட்டதும் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அந்தக் கிண்ணத்தோடு நின்றபோதுதான், "நர்சரி பாத்தர்லாம். நீ கவலைப்படாத, நான் பாத்துக்கறேன்" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன்.

நான் படிக்கிறவன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, எச்சரிக்கையாகச் சொல்கிறேன். தொழிலால் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர் கோபமாக எழுதும் மெயிலுக்குப் பணிவாகப் பதில் எழுதி, அதே கோபத்தைத் தமிழில் தையல் யூனிட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன். மீதி நேரமெல்லாம் புத்தகம். குழந்தை பிறப்பதற்கு முன்பே குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு தட்டு நிறைய வாங்கிவிட்டேன். எழுதியவர்கள் எல்லாரும் ஏரிக்கரையில் பெரிய தோட்டத்துக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு குழந்தையை ஆராய்ந்தவர்கள்போல் தெரிந்தது. எல்லாவற்றிலுமிருந்து எனக்குப் பிடித்த ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டேன். குழந்தையின் மூளை வளர அமைதி வேண்டும்.

"மொதல்ல அமைதி. மத்ததெல்லாம் அப்புறம்" என்று மனைவியிடம் பிரகடனம் செய்தேன்.

"சோறு ஊட்டுவாங்களான்னு கேளுங்க. டயபர் மாத்துவாங்களான்னு கேளுங்க" என்றாள் அவள்.

"அதெல்லாம் எல்லா எடத்துலயும் இருக்கும். அமைதிதான் கெடைக்காது. நம்மூடு மாதிரி ஒரு எடம் வேணும்."

எங்கள் வீடு மாடியில். கீழே வீட்டுக்காரர் கூலிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட். வரிசையாக ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் மெஷின்கள். காலையில் ஆரம்பித்தால் நாங்கள் படுக்கிறவரை ஓடும். மற்றபடி நல்ல காற்று, தாராளமாகத் தண்ணீர், தொந்தரவே இல்லாத அமைதியான வீடு. உடுமலையிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் மட்டும், நாங்கள் ஏன் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறோம் என்று கேட்பார்கள். நாங்கள் அப்போது சாம்பாருக்கு உப்புப் போதுமா என்று பேசிக்கொண்டிருப்போம். போனில் பேசுகிறவர்களும், ஞாயிற்றுக்கிழமை தவிர எப்போது பேசினாலும், "கம்பெனில இருக்கீங்களா, அப்புறமாக் கூப்படட்டுங்களா?" என்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

போனில் சத்தத்தை அளக்கிற செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை; நடுவில் ஒரு முள். துணியின் கனத்தை எடை போட்டும் சுருக்கத்தைத் துவைத்தும் பார்த்தே வயிறு வளர்த்தவனுக்கு, அளந்து பார்க்காமல் எதையும் வாங்குவது பாவம்.

முதல் இடத்தில், என்னை அப்புச்சியாக்கிய அந்த இடத்தில், சுவர் முழுக்க யானைகள். மூன்று வயதில் கருப்புக் கவுனும் தொப்பியும் போட்டுப் பட்டமளிப்பு விழா நடத்துவார்களாம். நான் எம்.காம். படித்த காலத்தில் எனக்கு அந்தத் தொப்பி கிடைக்கவில்லை, தபாலில்தான் பட்டம் வந்தது. பொறாமையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணமாகச் சாலைச் சத்தத்தைக் காட்டினேன். இரண்டாவது இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளம். முகூர்த்த நாளில் நாதஸ்வரம் உண்டு என்று அவர்கள் சிறப்பம்சமாகச் சொன்னார்கள். முள் மஞ்சளைத் தாண்டிச் சிவப்புக்குப் போயிற்று.

மூன்றாவது அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகள் இருக்கிற ஒரு சந்துக்குள். நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு அம்மணி தன் வீட்டு முன்ஹாலில் நடத்தினார். சுவரில் சிலுவை போட்ட காலண்டர், உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், தரையில் பனியன் கட்டிங் வேஸ்ட்டை அடைத்துத் தைத்த மெத்தைகள். ஒரு குழந்தை அவர் இடுப்பில், ஒன்று முந்தானையில் தொங்கிக்கொண்டு, மற்றவை தூக்கத்தில். பின்சுவருக்கு அந்தப் பக்கம் நூலைத் துணியாகப் பின்னுகிற ஒரு நிட்டிங் யூனிட். வட்ட மெஷின்கள் சுழல்கிற உறுமல் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று போனை நீட்டினேன். முள் மஞ்சளுக்கு வந்து நின்றது.

"என்னுங்க, படம் புடிக்கறீங்களா?" என்றார் அந்த அம்மணி, முந்தானையைச் சரி செய்துகொண்டு.

"இல்லீங்க, சத்தத்த அளக்கறேன்."

"சத்தமுங்களா? எந்தச் சத்தமுங்க?"

"இந்த மெஷின் சத்தம்."

அவர் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டுப் பார்த்தார். "ஓ, இதுங்களா? இது ஓடீட்டேதானுங்க இருக்கும்" என்றார், வானம் நீலமாகத்தான் இருக்கும் என்பது மாதிரி.

அதற்குப் பிறகு நான் நிகழ்த்தியது ஒரு சொற்பொழிவு. குழந்தையின் மூளை, காது நரம்பு, மனஒருமை, எதிர்காலத்தில் கணக்குப் பாடம். இடுப்பிலிருந்த குழந்தை வாயைத் திறந்து கேட்டது. அம்மணி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சாமி. அப்படீன்னா நீங்க வேற எடம் பாருங்க" என்றார். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார்: "பேத்திக்கு எத்தன வயசாகுதுங்க?"

நான் தேடிய இடம் பல்லடம் போகிற வழியில், ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கியதும் காது அடைத்துக்கொண்டதோ என்று ஒருகணம் பயந்தேன். அப்படி ஒரு நிசப்தம். உள்ளே ஆயாக்கள் துணிச்செருப்பு போட்டு நடந்தார்கள். நிர்வாகி அம்மையார் கிசுகிசுத்துத்தான் பேசினார். கட்டணத்தைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் கிசுகிசுத்தார்.

"எங்க எடத்துல குழந்தைங்க அழறதே இல்லீங்க சார்."

சரக்கில் குறையே வராது என்று சொல்கிற யூனிட்டை நான் தொழிலில் ஒருநாளும் நம்பியதில்லை. இங்கே நம்பினேன். முள் பச்சையில், அதுவும் பச்சையின் அடிமட்டத்தில் கிடந்தது. ஜன்னலோரம் புத்தக மூலை ஒன்று இருந்தது. குட்டி நாற்காலி, சாய்ந்துகொள்ளத் தலையணை, வெளியே தென்னங்கீற்று. நான் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படப் புத்தகத்தைப் பாதிவரை படித்தேன். நரி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் எழ மனமில்லை. எழுந்திருக்க ஆயா ஒருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் வர்ணித்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களைச் சேத்திக்கறாங்களா, பாப்பாவைச் சேத்திக்கறாங்களா?" என்றாள். ஆனால் அவள் குரலில் நிம்மதி இருந்தது. அன்று சாயங்காலம் லேபுக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள்.

தீபாவளி லீவு வந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் பஸ்ஸிலும் ரயிலிலும் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பிப் போக, ஊரே துடைத்து வைத்ததுபோல் ஆனது. கீழே யூனிட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். அன்று மதியத்திலிருந்து எங்கள் மகள் தூங்கவில்லை. கண்ணைக் கசக்குவாள், தோளில் சாய்வாள், திடுக்கென்று நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்ப்பாள், ஊளையிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவள் கொஞ்சம் சிணுங்குவது வழக்கம்தான். ஆனால் லீவு முழுக்க ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது.

"பட்டாசுச் சத்தம்" என்றேன் நான். பட்டாசு ஓய்ந்த பிறகும் தொடர்ந்ததால், "கடைவாய்ப்பல் மொளைக்குது. புத்தகத்துல இருக்குது" என்றேன். உடுமலையிலிருந்து மாமியார் போனில், "கண்ணுபட்டிருக்குமுங்க மாப்பிள்ளை, மொளகாய் சுத்திப் போடுங்க" என்றார். நான் பகுத்தறிவாளன் என்பதால் மறுத்தேன். மறுநாள் நானே சுற்றிப் போட்டேன். மிளகாய் நெடியில் மூவரும் இருமினோம், அவ்வளவுதான் பலன்.

லீவின் கடைசி நாள் சாயங்காலம், அழுது அழுது சிவந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி கேட்டாள். "ஏனுங்க, இவள இப்படி வெச்சுக்கிட்டு நான் போறது சரியாங்க? நான் போகலீன்னு சொல்லிப்போடட்டுமா?"

துவைத்த கோட்டு கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. "சும்மா இரு. அந்த அமைதியான எடத்துக்குப் போனா எல்லாம் சரியாயிரும்" என்றேன். நான் அதை நம்பினேன் என்பதுதான் பரிதாபம்.

கம்பெனிகள் திறந்தன. மனைவி கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். நான் குழந்தையைத் தென்னந்தோப்பில் விட்டுவிட்டு ஆபீஸ் போய் உட்கார்ந்தேன். மதியம் போன் வந்தது.

"சார், கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுங்களா?" அதே கிசுகிசுப்புதான். ஆனால் அந்தக் கிசுகிசுப்புக்குப் பின்னால் ஒரு சந்தையே கத்துவதுபோல் கேட்டது. போனேன். தூங்க வைக்கும் நேரத்தில் என் மகள் அழ ஆரம்பித்து, அழுவதே இல்லாத குழந்தைகள் அத்தனை பேரையும் எழுப்பி, எல்லாரும் சேர்ந்து இதுவரை சேர்த்துவைத்திருந்ததை அழுதுகொண்டிருந்தார்கள். ஆயாக்கள் துணிச்செருப்போடு ஓடினார்கள்.

அன்று மாலை மனைவி வீட்டுக்கு வந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது. யாராலும் பிடிக்க முடியாத ஒரு நேவி ப்ளூவைத் திரும்பிப் போன அன்றே பிடித்துவிட்டாளாம். "கண்ணு அப்படியே இருக்குதுங்க!" என்றாள். பிறகு, "பாப்பா எப்படி இருந்தா?" என்றாள்.

"நல்லா இருந்தா" என்றேன். அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் மறுநாள் அந்தக் கோட்டு திரும்பவும் கதவுக்குப் போய்விடும். மறுநாளும் போன் வந்தது, மறுநாளும் நல்லா இருந்தா. அதற்கடுத்த நாள் போன் வந்து நான் போனபோது நிர்வாகி அம்மையார் வாசலுக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முதல்முறையாகச் சாதாரணக் குரலில் பேசினார்.

"பாப்பா எங்க சூழலுக்கு இன்னும் தயாராகலைங்க சார். கொஞ்ச மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

நான் பையருக்கு எழுதுகிற மாதிரியே பணிவாக அவர் சொன்னதால், சரக்கு திருப்பி அனுப்பப்படுகிறது என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பால்புட்டிப் பை. மனைவிக்குப் போன் செய்ய எடுத்து, எடுத்த போனை உள்ளே வைத்தேன். அன்று ஒரு நிட்டிங் யூனிட்டில் எங்கள் ஆர்டரின் துணியைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் தாமதமாகிவிட்டால் இருவருக்குமே வேலை இருக்காது. பெல்ட்டைப் போட்டுக் குழந்தையை என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். வழியெல்லாம் அழுகை. சிக்னலில் நின்ற ஒரு ஆட்டோக்காரர், "அப்புச்சிகிட்ட இருக்கமாட்டேங்குதுங்களா?" என்று விசாரித்தார்.

யூனிட்காரன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். என்னைப் பார்த்ததும் கத்தினான். அங்கே கத்தினால்தான் பேச்சு. "ஏனப்பா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் மாத்திப்போட்டாங்களா? மேடம் நெம்பக் கோவக்காரியாட்டத் தெரியுது!"

நூல் மூட்டைகள் அடுக்கிய முன்னறையில் கால் வைத்தேன். உள்ளே மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. அழுகை பாதி வார்த்தையில் நிற்பதுபோல் நின்றது. மகள் ஒரு பெருமூச்சு விட்டாள், தலையை என் தோளில் போட்டாள், வாயைத் திறந்துகொண்டு தூங்கிப் போனாள்.

துணியின் நிறத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமே என்று வெளியே வந்தேன். விழித்துக்கொண்டு அழுதாள். உள்ளே போனேன். தூங்கினாள். சந்தேகத்துக்கு மறுபடி வெளியே வந்தேன். அழுகை. மறுபடி உள்ளே.

"என்னப்பா, உள்ள போற, வெளிய வர? வாஸ்து பாக்கறியா?" என்று நண்பன் கத்தினான்.

எனக்கு உடனே ஒரு கொள்கை உதித்துவிட்டது. கருவறையில் கேட்ட ஓசை, சீரான ஒலியின் தாலாட்டு என்று ஒரு கட்டுரையே மனதில் ஓடியது. அதைக் கத்தி விளக்கினேன். அவன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "துணி ஓகேவா இல்லியா, அதச் சொல்லு!" என்றான்.

வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தியபோது கீழே யூனிட்டில் டீ நேரம், மெஷின்கள் நின்றிருந்தன. மகள் நெளிந்து, கண்ணைத் திறந்து, உதட்டைப் பிதுக்கினாள். நான் மாடிப்படியில் பாதி ஏறியிருப்பேன். கீழே ஒரு ஓவர்லாக் 'டர்ர்ர்' என்றது. அதற்கடுத்து இன்னொன்று, பிறகு வரிசை முழுக்க. உதடு உள்ளே போயிற்று. கண் மூடிக்கொண்டது.

அவளைப் படுக்க வைத்துவிட்டு, படுக்கையறை நடுவில் நின்று செயலியைத் திறந்தேன். இதுவரை இந்த வீட்டில் அதைத் திறந்ததே இல்லை, திறப்பானேன்? முள் பச்சையைத் தாண்டியது. மஞ்சளுக்கு வந்தது. அனுப்பர்பாளையத்தில் நின்ற இடத்தையும் தாண்டி, சிவப்பின் வாசலில் போய் நின்றுகொண்டு ஆடியது. நான் போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். தரையில் வைத்துப் பார்த்தேன். என் புத்தக அலமாரியின் மேல், அமைதியைப் பற்றி அடிக்கோடிட்டு வைத்த அந்தப் புத்தகத்தின் மேலேயே வைத்துப் பார்த்தேன். அங்கே இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. புத்தகம் அதிர்ந்துகொண்டிருந்தது.

சொந்தக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். மரியாதை தெரிந்த அந்தப் போன்காரர்கள் வந்தார்கள். தீபாவளி லீவு முழுக்கத் தூங்காத குழந்தையும், சுற்றிப் போட்ட மிளகாயும் வந்தன. எனக்கு ஒரு வாசிப்பு அறை தேவைப்பட்டது, அதை மகள் பெயரில் தேடியிருக்கிறேன். ஜன்னலோரம், தென்னங்கீற்று, குட்டி நாற்காலி. அவளுக்குத் தேவைப்பட்டது, பிறந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற 'டர்ர்ர்'.

அவள் கண்விழித்ததும் தூக்கிக்கொண்டு அனுப்பர்பாளையம் போனேன். இந்தமுறை சந்து முனையிலேயே செருப்பைக் கழற்றியிருப்பேன், கல் குத்தும் என்பதால் வாசலில் கழற்றினேன். அம்மணி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க சாமி. இப்பச் சத்தம் கொறஞ்சிருச்சுங்களா?"

"சத்தம் அப்படியேதானுங்க இருக்குது. நான்தான் வேற எடமெல்லாம் பாத்துட்டு வந்தேன்."

"போன் எடுத்துட்டு வரலீங்களா?"

"வண்டிலயே வெச்சுட்டனுங்க."

நான் நடந்ததைச் சொன்னேன். எதையும் விடவில்லை, மிளகாய் உட்பட. அவர் சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்த குழந்தைதான் சிரித்தது. பிறகு, "எடமில்லீங்களே. கம்பெனி தொறந்ததும் தொட்டில் எல்லாம் ரொம்பிப்போச்சுங்க. நான் ஒருத்தி எத்தன பேரப் பாக்கறது?" என்றார்.

கதவில் தொங்கும் கோட்டு என் கண்முன் வந்தது. "எங்கூட்டுக்காரம்மா வேலைக்குப் போய் நாலு நாள்கூட ஆகலீங்க. இப்ப நிறுத்துனா அந்த எடம் போயிருமுங்க. தொட்டில் வேண்டாம், இவ மெத்தையிலயே படுத்துக்குவா. தொட்டில் கட்டறதுன்னாலும் நானே சேலை கொண்டுவந்து கட்டறனுங்க" என்றேன்.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே தோளில் கனம் கூடியது. திரும்பிப் பார்த்தேன். மகள் வாயைத் திறந்துகொண்டு உறங்கிவிட்டிருந்தாள். அம்மணியும் பார்த்தார்.

"இப்பத்தான தூங்கி எந்திரிச்சான்னீங்க?"

"ஆமாங்க. பாக்கி நெறைய இருக்குது அவளுக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு கண்டிசனுங்க. மாசத்துல ஒருநாள் பராமரிப்புன்னு பகல் முச்சூடும் கரண்ட் நிப்பாட்டுவாங்க. அன்னிக்கு ஃபேன் ஓடாதுங்களா, புழுக்கத்துல ஒன்னுகூடத் தூங்காது, அத்தனையும் அழுகும். அந்த நாள் மட்டும் என்னால ஒருத்தியா முடியாதுங்க. நீங்க வந்து உக்காந்து பாத்துக்கறதா இருந்தா விடுங்க."

ஃபேன் நின்றதால் அழுகின்றன என்று அவர் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தார். பின்சுவரைக் காட்டி, அன்றைக்கு அதுவும் ஓடாதல்லவா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வாசலில் ஏற்கெனவே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தியவன் என்பதால் மூடிக்கொண்டு, "வந்தர்றனுங்க" என்றேன்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தமாகத்தான், எங்கள் வீட்டில் வேறு வழியில்லை. அவள் முதலில், "ரெண்டு நாளா நல்லா இருந்தான்னு சொன்னீங்களே" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தூங்குகிற குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

"எல்லாஞ்சரி. நம்மூட்டுல சத்தமுன்னு சொன்னீங்களே, எந்தச் சத்தமுங்க?"

முதல் கரண்ட் இல்லாத நாள் அடுத்த மாதமே வந்தது. ஆபீசில் ஒருநாள் லீவு சொன்னேன். காரணமாக மின்தடை என்றேன், ஆபீசில் ஜெனரேட்டர் இருப்பதை மறந்து. நான் போய்ச் சேர்ந்தபோது பின்சுவர் அப்போதுதான் வாயை மூடியிருந்தது. தொட்டில்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. முதலில் என் மகள் ஆரம்பித்தாள், குடும்ப வழக்கப்படி. பிறகு எல்லாரும்.

விசிறினோம். ஆட்டினோம். பிஸ்கட் கொடுத்தோம். நான் எனக்குத் தெரிந்த ஒரு நரிக் கதையைச் சொன்னேன். எனக்குப் பாதிதான் தெரியும். ஒன்றும் ஆகவில்லை. அம்மணி ஒரு பக்கம் களைத்துப்போய் உட்கார்ந்தார். அப்போது என் வாய் தன்னிச்சையாக, "டர்ர்ர்" என்றது.

ஒரு தொட்டில் நின்றது. சரி என்று இன்னும் கொஞ்சம் அடித்தொண்டையிலிருந்து, சீராக, மூச்சு வாங்கும் இடத்தில் துணி திருப்புகிற இடைவெளி விட்டு, "டர்ர்ர்ர்... டர்ர்... டர்ர்ர்ர்ர்" என்றேன். இது நிட்டிங் சத்தமே அல்ல, சுத்தமான ஓவர்லாக். ஆனால் குழந்தைகள் அந்த அளவுக்குத் தரம் பார்க்கவில்லை. அழுகை ஒவ்வொரு மூலையாக அடங்கியது. நான் நிறுத்தினால் ஒன்று சிணுங்கியது, ஆகவே நிறுத்தவில்லை.

"அப்புச்சி அருமையாப் பண்றீங்க" என்றார் அம்மணி, கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டு. திருத்துவதற்கு வாய் காலியாக இல்லை.

பையில் போன் அதிர்ந்தது. லேபிலிருந்து மனைவி. தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"ஏனுங்க, கரண்ட் போயிருச்சாமா. பாப்பா அழறாளா? நான் சொல்லிப்போட்டுக் கெளம்பி வரட்டுமா?"

"வேண்டாம், நீ வேலையப் பாரு. தூங்கீட்டா."

"அப்புறம் அங்க என்னுங்க சத்தம்? மெஷின் ஓடற மாதிரிக் கேட்டுதே?"

"நான்தான்" என்றேன். "வெச்சர்றேன், ஒன்னு முழிச்சுக்குது."